பழைய வண்டிக்காரன் – 17: துரு கேட்கும் இடம்

மார்க் 2 அம்பாசடர், வருஷக்கணக்காகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது, ஹேண்டிலைப் போட்டால் அசையவே இல்லை. போன வாரக் கதை அவ்வளவுதான். மீதி வேண்டுமென்றால் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டை முறிக்காமல் கழற்றும் வித்தையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஏதென்ஸ் வந்து மறித்துக்கொண்டது.

அங்கே பார்த்தெனான் கோயிலை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் செப்பனிட்டார். சரிந்து கிடந்த பளிங்குத் துண்டுகளை இரும்புப் பட்டை வைத்துப் பிணைத்தார். சில பத்தாண்டுகளில் பளிங்கு பிளக்கத் தொடங்கியது. இரும்பு துருவாக மாறும்போது, துருவின் ரகத்தைப் பொறுத்து, முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கல் இடம் கொடுக்காவிட்டால் கல்லைப் பிளந்துகொண்டு எடுத்துக்கொள்ளும். கி.மு. 447இல் கட்ட ஆரம்பித்தவர்களும் இரும்புப் பட்டைதான் போட்டார்கள். ஆனால் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈரம் உள்ளே போக வழியில்லை. பலானோஸ் அந்த ஈயத்தை விட்டுவிட்டார். இப்போது அவர் வைத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். பெசன்ட் நகரில் கடலோரப் பழைய வீடுகளின் பால்கனியை அண்ணாந்து பாருங்கள்: சிமென்ட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். அதே கணக்குதான்.

இதைப் படித்ததிலிருந்து ஜாம் ஆன எஞ்சினை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. ரிங்கும் போரும் ஒட்டிக்கொண்டதாக நினைத்துத்தான் நாம் பலத்தைக் காட்டுகிறோம். உண்மையில் நடுவில் துரு ஆப்பு அடித்து உட்கார்ந்திருக்கிறது. அதைக் கரைக்க வேண்டும், பொடியாக்க வேண்டும், பொடி வெளியேற வழி விட வேண்டும். முழங்கைக்கு இதில் வேலை குறைவு.

நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்துதான் இருக்கும். சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் ஈரக்காற்று நேராக அங்கே போகும். ஆகவே பெரும்பாலும் நாலும் ஜாம் ஆவதில்லை, ஒன்றோ இரண்டோ. எங்கள் வண்டியில் மூன்றாவது சிலிண்டர். பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்தபோது போரில் காவி நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது.

இந்த இடத்தில் ரொம்பப் பேர் கை நீளும் டப்பா டபிள்யூடி-40. 1953இல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சின்ன நிறுவனம் 40ஆவது முயற்சியில் கண்டுபிடித்த கலவை அது. பெயரில் உள்ள எண் அதுதான். அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளப் பயன்பட்டது. அதாவது துரு வராமல் தடுக்கப் பிறந்தது. வந்து இறுகிய துருவுக்கு அதைவிட நல்ல மருந்து உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம பங்கு. இரண்டும் சேர்ந்திருக்காது, பிரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பெயின்டில் சிந்தினால் பெயின்டும் போச்சு.

ஊற வைத்தாயிற்று, இனி ஹேண்டிலில் பைப்பை மாட்டித் திருகலாம் என்று தோன்றும். மாட்டாதீர்கள். பிஸ்டன் அலுமினியம், ரிங் உட்காரும் வரப்பு விண்டு போகும், கனெக்டிங் ராடும் வளையலாம். அதற்கு முன்னால் இன்னொரு வம்பு: வால்வும் கைடில் இறுகியிருந்தால், கிராங்க் சுற்றிய அடுத்த கணம் புஷ்ராட் வளையும். ராக்கரை மொத்தமாகக் கழற்றலாம்தான். ஆனால் இந்த 1489 சிசி எஞ்சினில் ராக்கர் தாங்கியைப் பிடிக்கும் நட்டுகளில் சில, ஹெட்டையும் பிடிப்பவை. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும்.

எங்கள் மேஸ்திரி அதனால் ராக்கரைக் கழற்றவே இல்லை. அட்ஜஸ்டிங் ஸ்குரூவைத் தளர்த்தி, ராக்கரை ஸ்பிரிங் பக்கமாக ஒதுக்கி, புஷ்ராடை மட்டும் உருவினார். நேராக இழுக்கவில்லை, கட்டைவிரலால் லேசாக முறுக்கி, “டொப்” என்று எண்ணெய்ப் பிடி விட்ட பிறகுதான் தூக்கினார்.

“ஏன் மேஸ்திரி இந்தச் சடங்கு?”

“சும்மா இழுத்தா டாப்பெட்டும் கூடவே வரும் சார். பாதியில கழண்டு உள்ள விழுந்துச்சுன்னா, அப்புறம் நீங்கதான் கையை விட்டுத் தேடணும்.”

பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பிளக் எல்லாம் கழற்றிய நிலையில், இரண்டு பேர் பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினோம். துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் கீழே இறங்குகிற திசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிங்குக்குக் கீழே போரில் பழைய எண்ணெய்ப் பூச்சு மிச்சம் இருக்கும், மேலேதான் காவி. கொஞ்சம் இறங்கியதும் மறுபடி கலவை, மறுபடி ஆட்டம். நகர்ந்ததே என்று ஒரே மூச்சில் சுற்றினால், கிளம்பிய பொடி போரை வரிவரியாகக் கீறிவிடும். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்கும் ஆசைக்கும் தடை.

எங்கள் எஞ்சின் இப்போது கால் சுற்று போய் வருகிறது. ஊற்றிய கலவையில் பாதி ரிங் வழியாகச் சம்ப்பில் இறங்கியிருக்கும்; அந்த எண்ணெயை வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் பேரிங்குக்கு ஆகாது. வடிக்கலாமென்றால் டிரெயின் பிளக்கும் இறுகிக் கிடக்கிறது. அதை அடுத்த வாரம் மேனிஃபோல்டு ஸ்டட்டோடு சேர்த்துக் கழற்றுவோம். மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி வைத்திருங்கள்.