முதுகெலும்பை அரிக்கும் காசநோய்

நடமாடிக்கொண்டே குணமாகலாம் என்று காட்டியது சென்னை ஆராய்ச்சி

காசநோய் என்றதும் இருமலும் சளியும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் நம் முன்னோர் அந்த நோயை "எலும்புருக்கி" என்றும் சொன்னார்கள். உடம்பு மெலிந்து எலும்பும் தோலுமாக ஆகிவிடுவதைப் பார்த்து வைத்த பெயர் அது. சிலருக்கு அந்தப் பெயர் அப்படியே பலித்துவிடுகிறது. காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியாகப் போய் எலும்பிலேயே குடியேறிவிடுகிறது. எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோயில் ஏறக்குறையப் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது.

பாரம் தூக்கிய வலியா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும் வார்க்கும் ஆலைகளும் இருக்கின்றன. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் அங்கே பாடுபடுகிறார்கள். பாரம் தூக்குகிறவர்களுக்கு முதுகு வலி புதிதல்ல. தைலம் தேய்ப்பார்கள், வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலான முதுகு வலி சில வாரங்களில் தானாகவே போய்விடும்.

காசநோய் வலி அப்படிப் போகாது. நாளுக்கு நாள் கூடும். ஓய்வு எடுத்தாலும் தீராது. இரவிலும் தூங்க விடாது. மாலையில் லேசான காய்ச்சல் வரலாம். பசி குறையும், எடை குறையும். இருமல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்!

கிருமி முதுகெலும்பின் முன்பக்கத்தை அரிக்கிறது. அந்தப் பக்கம் நொறுங்கியதும் முதுகு பின்னால் புடைத்துக் கூன் விழுகிறது. சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் மரத்துப்போகும். நடக்கவே முடியாமல் போகும். 1779-ல் இந்தக் கூனையும் கால் முடக்கத்தையும் லண்டன் டாக்டர் பெர்சிவால் பாட் விவரித்து எழுதினார். அதனால் இதற்குப் "பாட் நோய்" என்ற பெயரும் உண்டு.

கட்டிலில் கழிந்த காலம்

மருந்து இல்லாத காலத்தில் முக்கியமான சிகிச்சை இதுதான்: அசையாமல் படுத்திருப்பது. நோயாளியை மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் கிடத்தினார்கள். இடிந்த சுவரின் மேல் பாரம் ஏற்றக்கூடாது என்பதுதான் அதற்குக் காரணம். ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-ல் ஐசோனியாசிடும் வந்த பிறகும்கூட டாக்டர்களுக்கு அந்தப் பயம் போகவில்லை.

ஹாங்காங் டாக்டர்கள் வேறு வழியில் போனார்கள். மார்பையோ வயிற்றையோ திறந்து, கெட்ட எலும்பை எடுத்துவிட்டு நல்ல எலும்பை வைத்துப் பொருத்தினார்கள். கைதேர்ந்த நிபுணர்கள் இருந்தால்தான் செய்யக்கூடிய பெரிய ஆபரேஷன் அது. ஏழை நாட்டில் எத்தனை பேருக்கு அதைச் செய்ய முடியும்?

சேத்துப்பட்டில் கிடைத்த விடை

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நுரையீரல் காசநோய்க்காரர்கள் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் இருப்பவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று அந்த நிலையம் 1959-ல் காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

முதுகெலும்பு நோய்க்கும் படுக்கை தேவையில்லை, மாவுக்கட்டும் தேவையில்லை என்பது கொரியாவில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. அடுத்து சென்னையில், கால் முடக்கம் வராத நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் 6 மாத மருந்தும். இன்னொரு பிரிவுக்கு நடமாடிக்கொண்டே 6 மாத மருந்து மட்டும். மூன்றாவது பிரிவுக்கு அதே மருந்து 9 மாதம்.

பத்து வருஷம் கழித்துக் கண்ட முடிவு 1999-ல் வெளியாயிற்று. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 90 பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். 6 மாதம் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 94 பேர்; 9 மாதம் சாப்பிட்டவர்களில் 99 பேர்!

பிள்ளைகள் விஷயத்தில் ஜாக்கிரதை

ஆனால் ஒரு விலக்கு உண்டு. 15 வயதுக்குக் கீழே இருந்து, சிகிச்சை தொடங்கும்போதே கூன் 30 டிகிரிக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு, 6 மாத மருந்துக்குப் பிறகும் கூன் வளர்ந்துகொண்டே போயிற்று. நோய் ஆறினாலும் எலும்பு வளரும் வயதல்லவா? எந்தப் பிள்ளைக்குக் கூன் கூடும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நான்கு எக்ஸ்ரே அடையாளங்களைக் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001-ல் எடுத்துக் காட்டினார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். கால் பலவீனம் கண்டவர்களும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

தடுப்பூசி போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது திருவள்ளூர் வட்டாரத்தில். 1968-ல், அது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தபோது, சுற்றுக் கிராமங்களில் பி.சி.ஜி. ஊசியைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 15 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வராமல் காக்கும் அந்த ஊசி, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோய் வராமல் தடுக்கவில்லை. ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் நமக்குள்ள வழி.

செய்ய வேண்டியது

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நோயைக் காட்டிக்கொடுக்கும். ஊசி வழியாகத் திசுவை எடுத்துப் பரிசோதித்தால் உறுதியாகும். இப்போது இந்தியாவில் எலும்புக் காசநோய்க்குப் பொதுவாக 12 மாதம் மருந்து தருகிறார்கள். தேவையானால் 18 மாதம் வரை நீட்டிப்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது.

நடமாடலாம் என்றால் உடனே மூட்டை தூக்கலாம் என்று அர்த்தமல்ல. டாக்டர் சொல்லும்வரை குனிந்து பாரம் தூக்கக் கூடாது. ஆனால் படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், எலும்பும் பலம் இழக்கும். எனவே வலி தணியத் தணிய நடை, பிறகு முதுகுத் தசைக்கான பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். தேவையானவர்களுக்கு முதுகுப் பட்டையும் உண்டு.

இரண்டு மாதத்தில் வலி குறைந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. வெளிமாநிலத் தொழிலாளி ஊருக்குப் போவதானால், புறப்படும் முன்பே காசநோய்ப் பிரிவில் சொல்லிவிட வேண்டும். பதிவைச் சொந்த ஊருக்கு மாற்றித் தருவார்கள். மருந்து அங்கே தொடரும்.

மூன்று வாரத்துக்கு மேல் முதுகு வலி நீடிக்கிறதா? அத்துடன் காய்ச்சலும் எடைக் குறைவும் இருக்கிறதா? தைலத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலம் தாழ்த்தாமல் போகிறவர் நிமிர்ந்தே நடக்கலாம்.