கூடியதும் தக்கதும்

அட்டன் பக்கத்து மாணவன் ஒருவன் ஓர் ஐயத்தோடு எம்மிடம் வந்தான். ஆங்கிலக் கதையொன்றில், ஒருவன் சினந்து கூறிய சொற்கள் ‘றிப்பீற்றபிள்’ அல்ல என்று வருகிறதாம். அகராதியோ அச்சொல்லுக்கு ‘மீண்டும் செய்யக்கூடிய’ என்று பொருள் தருகிறது. “ஒருமுறை சொன்ன வாய்க்கு மறுமுறை சொல்வதில் என்ன தடை, ஐயா?” என்றான்.

நல்ல வினா. அச்சொல்லின் ‘ஏபிள்’ என்னும் ஈறு, இயலுமை, தகுதி என்னும் இரண்டையும் ஒருங்கே சுமப்பது. தமிழோ இவற்றைப் பிரித்துக் காட்டும்: செய்யக்கூடியது வேறு, செய்யத்தக்கது வேறு. அந்த வசைமொழி மீண்டும் சொல்லக்கூடியதே, சொல்லத்தக்கதன்று.

இயலுமைப் பொருளுக்கு நம் மலையிலேயே சான்றுண்டு. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோர்க்கென 1980-இல் வெளிவந்த அனைத்துலக நியமம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் காலம் 6 நிமிடம் என்று வரையறுக்கிறது. இன்சுவைத் தேநீர் ஆக்குவதன்று இதன் நோக்கம். ஒப்பிடுவதற்கு ஒரே முறை வேண்டும் என்பதே. அதே ஆள், அதே இடத்தில், அதே கருவியால் செய்து அதே முடிவைப் பெறின் அது ‘றிப்பீற்றபிள்’. பிறர் பிறிதோரிடத்தில் செய்தும் அம்முடிவே வரின் அது ‘றிப்புரடியூசிபிள்’. முன்னது தன்கையால் மீள்வது. பின்னது பிறர்கையாலும் மீள்வது. அறிவியல் பெரிதும் நம்புவது பின்னதையே.

தகுதிப் பொருளை நம் இலக்கணமும் அறியும். கூறியது கூறலை நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்தது நன்னூல். எனினும், அச்சம், உவகை முதலியவற்றால் ஒரு சொல் அடுக்கி வருவதை அந்நூலே ஏற்கிறது. ஆகவே, மீளக் கூறல் எல்லாம் குற்றமன்று. தகவின்றி மீள்வதே குற்றம்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மக்களை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் இயற்றும் கை உள்ளவரை அத்தகைய செயல் மீண்டும் செய்யக்கூடியதே. அது செய்யத்தக்கதன்று என்று சொல்ல, அவ்விரு சொற்களின் வேற்றுமையை அறிந்த தலைமுறை வேண்டும்.

ஆதலின், ஆசிரிய அன்பர்களே, ‘ஏபிள்’ என்று கண்டவிடமெல்லாம் ‘கூடிய’ என்று எழுதும் மாணாக்கனைச் சற்றே நிறுத்தி, “கூடுமா, தகுமா?” என்று கேளுங்கள். இவ்வினா எத்தனை முறையும் மீளக் கேட்கத்தக்கது.