கதையில் ஒருத்தியின் தலைமயிரை எப்படி எழுதுவது?

அண்மையில் கதையெழுதும் பயிற்சி ஒன்றில் இளையவர்கள் எழுதிய கதைகளை வாசிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எல்லாமே போர்க்காலக் கதைகள். ஆனால், பெரும்பாலானவற்றில் வந்த பெண்ணுக்கு ஒரே தலைமயிர்தான்: கார்மேகம் போன்ற நீண்ட கூந்தல். பதுங்குகுழிக்குள் இருந்தவளுக்கும் அதுதான், முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவளுக்கும் அதுதான். எந்தப் பெண்ணுக்கும் பொருந்துகிற வரி அது. அதனாலேயே இந்தப் பெண் யாரென்று அது சொல்லவில்லை.

கூந்தலை எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் பெண்ணின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே பழைய இலக்கியத்தில் ஒரு பெயர் உண்டு. புறநானூற்றில் கணவனை இழந்த பெண்கள் கூந்தலைக் களைகிறார்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் அவைக்கு விரிந்த கூந்தலோடு போகிறாள். பாரதியின் பாஞ்சாலி பழிதீரும்வரை கூந்தல் முடிப்பதில்லை என்று சபதம் செய்கிறாள். இங்கெல்லாம் கூந்தல் வருவது அழகைச் சொல்ல மட்டுமல்ல, அவளுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவும்தான்.

எங்கள் கதைகளிலும் தலைமயிர் முதலில் காலத்தைச் சொல்லும். இரட்டைப் பின்னலை மடித்து றிபன் கட்டியிருந்தால் அவள் பாடசாலைப் பிள்ளை. அதே இரட்டைப் பின்னலைத் தூக்கிப் பின்னந்தலையில் இறுக்கிக் கட்டியிருந்தால், வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அவள் இயக்கப் பிள்ளை என்று விளங்கும். போரின் இறுதிக் காலத்தில் கட்டாயமாகக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளின் தலைமயிர் கட்டையாக வெட்டப்பட்டது. ஓடிவந்தாலும் அதுவே காட்டிக்கொடுத்தது. 2009இல் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடக்கும்போதும் அந்தக் கட்டை மயிர்தான் அச்சத்தைத் தந்தது. ஆகவே "கட்டையாக வெட்டிய தலைமயிர்" என்று 2009இல் நடக்கும் கதையில் எழுதினால், அது வெறும் தோற்ற விவரணை அல்ல.

இரண்டாவது, பார்ப்பவர் யார் என்பது. சோதனைச்சாவடியில் நிற்கும் ஆமிக்காரன் மயிரின் நீளத்தைப் பார்ப்பான். தாய் அதில் எண்ணெய் இல்லாததைப் பார்ப்பாள். ஒரே தலைதான், ஆனால் இருவரும் காண்பது ஒன்றல்ல. கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறதோ, அவர் கவனிக்கக்கூடியதை மட்டும் எழுதினால் போதும். நிறம், நீளம், அடர்த்தி, வாசம் என்று பட்டியல் போடத் தேவையில்லை.

மூன்றாவது, தலைமயிரைச் சும்மா வர்ணிப்பதைவிட அதை யாராவது தொடுவதாக எழுதுவது நல்லது. தலை இழுப்பது, பேன் பார்ப்பது, ஈரம் துவட்டுவது எல்லாம் எங்கள் வீடுகளில் அன்பும் அதட்டலும் கலந்த வேலைகள். இப்படி எழுதிப் பாருங்கள்: "அம்மா போனபிறகு அப்பாதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டார். ஒரு பின்னல் எப்போதும் மற்றதைவிட உயர்ந்தே இருக்கும்." அழுதாள், தவித்தாள் என்று இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

நான்காவது, கணக்கு. தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். மே மாதம் மொட்டையடித்தவளுக்கு ஓகஸ்ட் மாதம் பின்னல் போட்டால், அந்தக் காலத்தைக் கடந்து வந்த வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பிறகு கதையின் மற்ற விடயங்களையும் நம்பமாட்டார்.

வளராத தலைமயிரும் உண்டு. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பாருங்கள். கையிலுள்ள படத்தில் மகன் அதே கன்ன உச்சியோடு இருக்கிறான். படத்தைப் பிடித்திருக்கும் தாயின் தலை நரைத்துவிட்டது. எத்தனை வருடம் கடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உண்மையான ஒருவரை வைத்துக் கதை எழுதுகிறீர்கள் என்றால், இந்த நுணுக்கமே அவரை அடையாளம் காட்டிவிடலாம். ஊர், வருடம், கட்டையாக வெட்டிய தலைமயிர் மூன்றும் சேர்ந்தால் அயலவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தன் கடந்தகாலத்தைப் புகுந்த வீட்டுக்கே சொல்லாமல் வாழும் பெண்கள் இருக்கிறார்கள். கதையின் உண்மை கெடாமல் ஊரை மாற்றலாம், வயதை மாற்றலாம். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுவது இன்னும் நல்லது.

பயிற்சியின் இரண்டாம் நாள் ஒரு பிள்ளை தன் கார்மேக வரியை வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: "அக்காவின் தலைமயிர் காதை மூடும்வரை அம்மா அவளைக் கூடாரத்துக்கு வெளியே விடவில்லை."

அது யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. ஊரின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன்.