எல்லை மலையும் இரண்டு பெரியாறுகளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் மேற்கே ஓங்கி நிற்கும் மலைமுகடு, முற்காலத்தில் சென்னை மாகாணத்திற்கும் திருவாங்கூர் ராஜ்யத்திற்கும் எல்லையாயிருந்தது. 1956-ஆம் வருஷத்து மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னர் கேரளத்தின் எல்லையும் அதுவே. முகட்டிற்கு மேற்கே பெய்யும் மழை பெரியாற்றிற் கலந்து அரபிக் கடலைச் சேரும். வடபால் வருஷநாட்டுப் பள்ளத்தாக்கில் பெய்வது வைகையாகும். கீழ்ச்சரிவில் இறங்குவது மட்டுமே மகாராஜபுரம் முதலிய வத்திராயிருப்பு வட்டாரத்துக் கிராமங்களுக்கு உரிய பங்கு.

சிவகிரி மலைகளில் தோன்றும் மேற்குப் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதனைக் கிழக்கே திருப்பும்பொருட்டு 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி 999 வருஷக் குத்தகை எழுதப்பட்டது. பென்னிகுயிக் துரை கட்டிய அணை 1895-இல் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்த ஜலம் வைகையை அடைந்து மதுரைச் சீமையை விளைவிக்கின்றது. மகாராஜபுரத்து வயல்களுக்கோ அதனால் யாதொரு பாசனமும் இல்லை; இடையே மலை குறுக்கிடுகின்றது.

இவ்வட்டாரத்தார் பெரியாறு என்று கூறுவது வேறொரு சிற்றாறு. பெயரொற்றுமையால் மயங்குவோர் பலர். இதன் குறுக்கேயும் கோவிலாற்றின் குறுக்கேயும் பிளவக்கல்லில் அணைகள் உள்ளன. முன்னதன் உயரம் சுமார் 47 அடி, பின்னதன் உயரம் சுமார் 42 அடி. இவ்வோடைகளின் நீரே அருச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கூடி மன்னார் வளைகுடாவில் விழுகின்றது.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையிற் பெரும்பகுதியை முகட்டிற்கு அப்பாலேயே கொட்டிவிடுகின்றது. ஆகவே கீழ்ச்சரிவின் குடியானவர் நம்பத்தக்கது ஐப்பசி, கார்த்திகை மழையே. அஃதும் சில நாட்களிற் காட்டாற்று வெள்ளமாய்ப் பாய்ந்து போய்விடும். அதனைக் கண்மாயில் நிறுத்துவது வரத்துக்காலின் நிலைமையைப் பொறுத்தது. சீமைக்கருவேல் மண்டிய வரத்துக்கால் வெள்ளத்தைத் தடுத்துக் கரையை உடைக்கும், கண்மாயோ காலியாயிருக்கும். நஞ்சை முழுதும் தரிசாவதற்கு இஃதொன்றே போதும்.

புரட்டாசிக்குள் வரத்துக்காலைத் துப்புரவாக்கி, மடையையும் கலிங்கையும் கிராம அதிகாரிகள் நேரிற் பார்வையிடுதல் அவசியம். கோடையில் உரிய அனுமதி பெற்று எடுக்கும் வண்டலைப் புன்செய்க்கு அடித்தால் கண்மாயும் ஆழமாகும், நிலமும் உரம்பெறும். கரையடியில் மாத்திரம் மண் எடுத்தலாகாது. நீர் குறைந்த வருஷத்தில் மேல்மடைக்காரர் முந்திக்கொள்ள, கடைமடைப் பயிர் கருகுவதுண்டு. நாற்றுவிடுமுன்பே முறைப்பாசனத்தை ஊர்க்கூட்டத்தில் நிர்ணயித்து நீர்பாய்ச்சியிடம் ஒப்புவித்துவிடல் வேண்டும்.