ஆடிக் காற்றை எதிர்த்து ஒரு சைக்கிள்!

காலை மணி 5. கரையான்சாவடி அப்போதுதான் கண் விழித்துக்கொண்டு இருந்தது. தலைக்கு மேலே மெட்ரோ ரெயில் பாலம். கீழே டீக்கடை. கறுப்பு சைக்கிளும் மூட்டையுமாக நான் நின்றேன்.

"எந்த ஊருக்குத் தம்பி?" என்று கேட்டார் டீக்கடைப் பெரியவர்.

"பெங்களூருக்குங்க ஐயா. இன்று வேலூர் வரை."

அவர் அண்ணாந்து மரக்கிளையைப் பார்த்தார். "ஆடி மாசத்துல மேற்கே போறீங்களே!" என்றார்.

சாவடி என்றால் வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். அந்தப் பெயர் கொண்ட ஊரில் சொன்ன புத்திமதியை நான் கேட்கவில்லை. காரணம், தாமஸ் ஸ்டீவன்ஸ்!

யார் அவர்? சைக்கிளில் முதன்முதலாக உலகம் சுற்றியவர். 1884-ம் ஆண்டு அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்து தனியாகப் புறப்பட்டார். அவருடைய சைக்கிளின் முன்சக்கரம் நாலடி உயரம். 1886-ல் லாகூரில் இருந்து கல்கத்தா வரை மிதித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானை அடைந்து பயணத்தை முடித்தார். அவருக்கு உலகம் என்றால், எனக்கு வேலூர் எம்மாத்திரம்? சுமார் 115 கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

நாலு மடங்கு தடை

நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் வரை கால் பஞ்சாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இட்லி சாப்பிட்டேன். வெயில் ஏறியது. காற்றும் எழுந்தது!

ஆடியில் இந்தப் பக்கம் மேல்காற்று. மேற்கே போகிறவனுக்கு அது எதிர்க்காற்று. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறீர்கள். எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது. உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 30. வேகம் இரண்டு மடங்கு. தடையோ நாலு மடங்கு! குனிந்து மிதித்தால் கொஞ்சம் குறையும். முதுகுதான் கெஞ்சும்.

லாரி ஒன்று உரசுவதுபோல் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்றுவிடும். அடுத்த நொடியே அறைந்தாற்போல் திரும்பி வரும். கைப்பிடி ஆடும். அந்த ஒரு நொடியில் பலமுறை எனக்கு உயிர் போய் வந்தது.

அம்மன் கூழ்

காஞ்சீபுரம் பிரிவைத் தாண்டும்போது மணி 12. தாமல் பக்கம் கால்கள் நடுங்கின. கண் இருட்டியது. புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரும் தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் ஓர் அம்மன் கோவில். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கூழ் ஊற்றிக்கொண்டு இருந்தார்கள். ஓர் அம்மாள் பெரிய சொம்போடு ஓடி வந்தார்.

"பேசாதே கண்ணு, முதல்ல குடி" என்றார்.

கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம், உப்பு. இரண்டு சொம்பு குடித்தேன். வியர்வையில் உப்பையும் நீரையும் இழந்த உடம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அரை மணியில் கண் தெளிந்தது.

ஓச்சேரி அருகே ஒரு சின்ன லாரி நின்றது. "சைக்கிளை ஏத்திக்கவா அண்ணே? வேலூர்தான் போறேன்" என்றார் டிரைவர். கை லாரியைப் பிடித்தேவிட்டது. ஆனாலும், "வேண்டாம் தம்பி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். அடுத்த ஒரு மணி நேரமும் அந்தச் சிரிப்பை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்!

காவேரிப்பாக்கம் தாண்டியபின் பொழுது சாய்ந்தது. காற்றும் தணிந்தது. வாலாஜாபேட்டை விளக்குகள் தெரிந்தபோது இரவு மணி 8. வேலூருக்கு இன்னும் 25 கிலோமீட்டருக்கு மேல். லாட்ஜில் படுத்துவிட்டேன்.

"காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும் சார்?" என்றான் பையன்.

"மூன்றரைக்கு. காற்று எழும் முன்னே நான் கிளம்ப வேண்டும்."