தரவு போதுமா?

போட்டித் தேர்வு எழுதப் புகும் கலைப்பிரிவு மாணவர் பலரும் அஞ்சி ஒதுக்கும் வினாவகை ஒன்று உண்டு. 'டேட்டா சஃபிஷியன்சி' என வழங்கும் அதனைத் தமிழில் 'தரவுப் போதுமை' எனலாம். குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் 2011 ஆம் ஆண்டு புகுத்தப்பெற்ற இரண்டாம் தாளின் பாடத்திட்டம் இதனைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகின்றது. வங்கித் தேர்வுகளிலும் மேலாண்மைக் கல்விக்கான நுழைவுத் தேர்வுகளிலும் இதற்கு இடம் உண்டு. எண்ணையும் குறியையும் கண்ட அளவிலேயே, 'இது கணித மாணவர்க்கு உரியது' என்று தமிழும் வரலாறும் பயில்வோர் ஒதுங்கிவிடுகின்றனர். சொல்லை நுணுகி நோக்கிப் பொருள் கொள்ளும் பழக்கம் உடையார்க்கு இவ்வினாக்கள் கைவரக் கூடியனவே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் அமைப்பு

முதலில் ஒரு வினா தரப்படும். அதன்கீழ் இரண்டு கூற்றுகள் இருக்கும். வினாவிற்கு விடை யாது என்பதைத் தேர்வு நடத்துவோர் கேட்பதில்லை. விடை காண்பதற்கு அக்கூற்றுகள் போதுமா என்பதையே கேட்கின்றனர். தெரிவுகள் பெரும்பாலும் ஐந்து: முதற்கூற்று மட்டுமே போதும், இரண்டாம் கூற்று மட்டுமே போதும், இரண்டில் எதுவாயினும் தனித்தே போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், இரண்டும் சேர்ந்தும் போதா. சில தேர்வுகளில் தெரிவுகள் நான்காகக் குறைதலும் வரிசை மாறுதலும் உண்டு. ஆதலின் வினாத்தாளில் உள்ள அறிவுறுத்தலைப் படித்துவிட்டே தொடங்குதல் வேண்டும்.

கேட்டதற்கு மட்டும்

கபீர், செல்வன், ஆயிஷா, மேரி ஆகிய நால்வருள் மிக உயரமானவர் யார் என்பது வினா. 'கபீர் செல்வனைவிடவும் ஆயிஷாவைவிடவும் உயரமானவர்' என்பது முதற்கூற்று. 'மேரி கபீரைவிட உயரம் குறைந்தவர்' என்பது இரண்டாம் கூற்று. முதற்கூற்றில் மேரியைப் பற்றிய செய்தி இல்லை. இரண்டாவதில் செல்வன், ஆயிஷா இருவரும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் கபீரே உயரமானவர் என்பது தெளிவாகின்றது. மற்ற மூவருள் யார் உயரம், யார் குள்ளம் என்பது இன்னும் தெரியவில்லையே எனச் சிலர் மயங்குவர். வினா அதனைக் கேட்கவில்லை. கேட்டதற்கு விடை கிட்டுமாயின் தரவு போதும். இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்பதே விடை.

ஒரு சொல் செய்யும் மாற்றம்

'க என்பவர் ச என்பவரின் சகோதரியா?' என்பது அடுத்த வினா. முதற்கூற்று: 'ச என்பவர் க என்பவரின் உடன்பிறந்த தம்பி.' இரண்டாம் கூற்று: 'க என்பவர் த என்பவரின் மனைவி.' முதற்கூற்றால் ச ஆண் என்பதும், க மூத்தவர் என்பதும் தெரிகின்றன. ஆயினும் க அண்ணனா அக்காளா என்பது தெரியவில்லை. 'என்பவர்' என்னும் உயர்வுச் சொல் இருபாற்கும் பொதுவாதலின் பாலை மறைத்து நிற்கின்றது. இரண்டாம் கூற்று க பெண் என்பதைக் காட்டுகின்றது, உறவைக் காட்டவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் 'ஆம்' என்று கூற இயலும்.

இனி, இரண்டாம் கூற்றில் 'மனைவி' என்னும் சொல்லை நீக்கிக் 'கணவர்' என்று வைப்போம். க ஆண் என்றாகிவிடுவதால், அவர் எவர்க்கும் சகோதரியாதல் இயலாது. 'இல்லை' என்னும் விடை உறுதியாகிவிட்டது. எனவே இரண்டாம் கூற்று மட்டுமே போதும். 'இல்லை' என்பதும் விடையே என்பதை மறந்து, 'தரவு போதாது' எனக் குறிப்போர் பலர். ஐயத்திற்கு இடமின்றி 'ஆம்' எனவோ 'இல்லை' எனவோ கூற இயன்றால் தரவு போதும் என்பதே விதி.

எண்ணிக்கை கண்டு ஏமாறல்

ஒரு பேனாவின் விலை என்ன? இரண்டு பேனாவும் மூன்று நோட்டும் 110 ரூபாய் என்பது ஒரு கூற்று. நான்கு பேனாவும் ஆறு நோட்டும் 220 ரூபாய் என்பது மற்றொன்று. அறியாதன இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. எனவே போதும் என்று கணிதம் கற்றோரும் விரைந்து முடிவு செய்வதுண்டு. இரண்டாவது, முதற்கூற்றின் இரட்டிப்பேயன்றிப் புதுச்செய்தி அன்று. இரண்டும் சேர்ந்தும் போதா. இரண்டாம் கூற்று 'இரண்டு பேனாவும் நான்கு நோட்டும் 140 ரூபாய்' என்று இருந்திருப்பின், நோட்டு 30 ரூபாய், பேனா 10 ரூபாய் என விடை கிட்டியிருக்கும்.

செய்முறை

முதற்கூற்றை மட்டும் கொண்டு விடை கிட்டுமா எனக் காண்க. பின்னர் அதனை விரலால் மறைத்துக்கொண்டு, படித்ததையே மறந்தாற்போல இரண்டாம் கூற்றை ஆராய்க. முதற்கூற்றின் செய்தி நம்மை அறியாமலே இரண்டாவதனுள் புகுந்துவிடுதலே மிகுதியான பிழைகட்குக் காரணம். தனித்தனியே இரண்டும் போதாதபோது மட்டுமே சேர்த்துப் பார்த்தல் வேண்டும். விடை கிட்டும் என்பது உறுதியானவுடன் கணக்கை முழுதும் போட்டுப் பார்க்க வேண்டுவதில்லை. அந்நேரம் அடுத்த வினாவிற்கு உரியது.

தமிழில் இதன் சுவடு

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29 ஆம் காதை, ஒரு முடிவை நிறுவக் காட்டும் காரணத்தை 'ஏது' என்றும், குறையுடைய காரணத்தை 'ஏதுப்போலி' என்றும் பிரித்துரைக்கின்றது. அப்போலிகளுள் ஒன்று அநைகாந்திகம். ஒரு முடிபிற்கும் அதன் மறுதலைக்கும் ஒருங்கே பொருந்தி, எதனையும் உறுதி செய்யாத காரணம் அது. 'க மூத்தவர்' என்னும் செய்தி அண்ணனுக்கும் அக்காளுக்கும் ஒருங்கே பொருந்தி நின்றதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

நிறைவாக

மேற்சொன்ன இரண்டாம் தாள் 2015 முதல் தகுதித் தாளாக உள்ளது. அதில் 33 விழுக்காடு பெறாதார், முதல் தாளில் எத்துணைச் சிறந்து விளங்கினும் அடுத்த நிலைக்குச் செல்லுதல் இயலாது. தவறான விடைக்கு, அவ்வினாவிற்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்படும். வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவது. தமிழ் வழியே பயின்றோர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்க வேண்டுவதன் இன்றியமையாமை இதனால் புலனாகும். நாள்தோறும் ஐந்து வினாக்களை எடுத்து, ஒவ்வொன்றிற்கும் 'ஏன் போதும், ஏன் போதாது' என்பதை ஒரு வரியில் எழுதிப் பழகுதல் நலம். ஒரு பக்கச் செய்தியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாத நிதானமும் அப்பழக்கத்தால் உடன் வாய்க்கும். அது தேர்வு முடிந்த பின்னரும் வீட்டிலும் ஊரிலும் பயன்படக்கூடியது.