நிலக்கரிச் சுரங்கத் தீத்தடுப்புப் பொருட்கள்

நிலக்கரிச் சுரங்கத் தீத்தடுப்புப் பொருட்கள் என்பவை, நிலத்தடிச் சுரங்கங்களில் நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பற்றுவதைத் தடுக்கப் பயன்படுபவை ஆகும். மணல், சாம்பற்குழம்பு, உப்புக் கரைசல், சிலிக்காக் களி, நைட்ரசன் வளிமம் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

தீப்பற்றும் விதம்

நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சாதாரண வெப்பநிலையிலேயே மெதுவாக வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுகிறது. நல்ல காற்றோட்டம் இவ்வெப்பத்தை அகற்றிவிடும். காற்று முற்றிலும் இல்லாவிடில் வினையே நிகழாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே ஆபத்தானது. கரி வெட்டியெடுக்கப்பட்ட வெற்றிடங்களில் எஞ்சிக் கிடக்கும் நொறுங்கிய கரிக்குச் சிறிதளவு காற்று கசிந்து சென்றால், வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்கிறது. வெப்பநிலை உயர உயர வினையும் விரைவடைகிறது. கார்பன் மோனாக்சைடு அளவு தொடர்ந்து கூடுவது இதன் முன்னறிகுறியாகும்.

நிரப்பு பொருட்கள்

மணலை நீருடன் கலந்து குழாய் வழியே வெற்றிடத்தில் நிரப்பும் முறை இந்தியாவில் நெடுங்காலமாக உள்ளது. இதனை ஊக்குவிக்க 1939 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் ஜரியா நிலக்கரி வயலில் தாமோதர் ஆற்று மணல் இதற்குப் பயன்பட்டது. அவ்வயலில் 1916 இல் முதன்முதலாகத் தீ பதிவானது. சில பகுதிகளில் அது இன்னும் அணையவில்லை. மணலுக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலும் குழம்பாக்கி நிரப்பப்படுகிறது.

உப்புக் கரைசல்களும் களிகளும்

கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியன ஈரத்தை ஈர்த்துக் கரியின் மேற்பரப்பில் நீர்ப்படலத்தைத் தக்கவைக்கின்றன. எனினும் இவை இரும்புக் கருவிகளை அரிக்கும். ஈரம் உலர்ந்தால் பயன் குன்றும். வெறும் நீர் விரைவில் வடிந்தோடிவிடும். சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலில் அமோனியம் பைகார்பனேட்டு சேர்த்தால் உருவாகும் களியோ நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வெடிப்புகளை அடைக்கிறது. இவ்வினையில் அமோனியா வெளிப்படுவது ஒரு குறைபாடாகும். வெடிப்புகளை அடைக்கும் பிசின் நுரைகள் சில, இறுகும்போது தாமே வெப்பத்தை வெளியிடுவதால் கவனத்துடன் கையாளப்பட வேண்டும்.

மந்த வளிமங்கள்

சுவரெழுப்பிப் பகுதியை மூடுவது மட்டும் போதாது. மூடிய பகுதியில் மீத்தேன் சேர்ந்து, காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரையிலான வெடிக்கும் எல்லையைக் கடந்து செல்கிறது. அவ்வேளையில் உள்ளே சூடேறிய கரி இருந்தால் வெடிப்பு நிகழலாம். ஆசுத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்திலுள்ள மௌரா இரண்டாம் எண் சுரங்கத்தில், 1994 ஆகத்து 7 அன்று மூடப்பட்ட பகுதி அன்றிரவே வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தனர். நைட்ரசனைச் செலுத்தி ஆக்சிசனை ஏறத்தாழ 12 விழுக்காட்டிற்குக் கீழே குறைத்தால் மீத்தேன் வெடிக்காது. கரி தீப்பற்றுவதைத் தடுக்க ஆக்சிசனை மேலும் குறைக்க வேண்டும்.

வரம்புகள்

இப்பொருட்களில் எதுவும் கரியின் எரியும் இயல்பை மாற்றுவதில்லை. ஆக்சிசன் கரியை அடைவதைத் தடுப்பதும், வெப்பத்தை அகற்றுவதுமே இவற்றின் பணி. நைட்ரசன் கசிவினால் வெளியேறும். கரியையும் அது பெரிதாகக் குளிர்விப்பதில்லை. ஆகவே உள்ளே வெப்பம் தணியுமுன் மூடிய பகுதியைத் திறந்தால், காற்றுப் பட்டதும் தீ மீண்டும் மூளக்கூடும்.